நூறக்காவின் நாலாயிரம்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் அவளுக்கும் ஒரு பெயர் இருப்பது தெரியும். மற்றபடி பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் நூறக்காதான்.

காரணம் சுலபமானது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெள்ளையணுக்களை வகை பிரித்து நூறு எண்ண வேண்டும். எண்ணுவதற்கு விரலால் தட்டும் சின்னக் கருவி ஒன்று உண்டு. ஒரு அணுவுக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு 'டக்', நூறாவது தட்டுக்கு மணி அடிக்கும். மெஷின் வந்த பிறகு இந்த வேலை பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. ஆனாலும் மெஷினுக்கே சந்தேகம் வந்தால் அந்த ரத்தம் மனிதக் கண்ணுக்கு வந்தாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கண் நூறக்காவுடையது. தொண்ணூற்றேழு வந்ததும் 'மிச்சம் மூணு என்னவா இருக்கப் போகுது' என்று எழுந்துபோகிற ஆட்கள் எல்லா இடத்திலும் உண்டு. நூறக்கா கட்டிடம் இடிந்து விழுந்தாலும் மணி அடித்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

ஐம்பதாவது வயதில் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை செய்தார்கள். இடது அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். ஆறு தவணை மருந்து ஏற்றினார்கள். முடி போனது, ருசி போனது, ஆனால் குணம் மட்டும் அப்படியே இருந்தது. வார்டில் சுருண்டு படுத்துக்கொண்டே, "இன்னைக்கு என் கவுண்ட் எவ்வளவு? யார் எண்ணினது?" என்று நர்ஸைக் குடைந்தெடுத்தாள். மெஷின்தான் எண்ணியது என்று சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வாசலிலேயே மறித்துவிட்டார் புற்றுநோய் டாக்டர்.

"உள்ள வேண்டாம்மா. சீழ், சளி, காய்ச்சல்காரங்க ரத்தம்னு எல்லாம் வர்ற இடம். உங்க வெள்ளையணு இப்ப மூவாயிரத்து இருநூறுதான் இருக்கு. மூணு மாசம் தொடர்ந்து நாலாயிரத்துக்கு மேல வரட்டும். அப்புறம் போய் உங்க ஸ்டூல்ல உட்காருங்க, நான் ஏன்னு கேட்க மாட்டேன்."

அதுவரைக்கும் டோக்கன் ஜன்னல். வருகிறவர்களின் பெயரை எழுதி, எண் கொடுத்து, பெஞ்சில் உட்காரச் சொல்ல வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், துணிக்கடையில் வைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஸ்டூல். அதில் இப்போது மெஷின் சார் உட்கார்ந்திருந்தார். பெயருக்கேற்ப மெஷினை ஓட்டுகிறவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி, இரண்டு கண்ணிலும் புரை. அவர் எண்ணும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். டக், டக்... நீண்ட மௌனம்... டக். அந்த மௌனத்தைக் கேட்கும்போதெல்லாம் நூறக்காவுக்கு விரல் துறுதுறுவென்று அரிக்கும். வேறு எதற்காகவும் அவள் அப்படி ஏங்கியதில்லை. உயிர் பிழைத்ததே அந்த ஸ்டூலுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

வீட்டில் வேறு மாதிரி வேதனை. அவள் வீட்டுக்காரர் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைக்கிறவர். மனைவிமேல் உயிர். யாரோ எந்தக் காலத்திலோ அவரிடம், "முடிச்சு எடுத்த கையால எதையும் தூக்கக் கூடாது, கை யானைக்கால் மாதிரி வீங்கிடும்" என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெரிய குக்கர் பரண் ஏறியது. வாளிக்குப் பதிலாகக் கிண்ணம் அளவில் ஒரு குட்டி வாளி வந்தது. தண்ணீர்க் குடத்தைத் தொட்டால், பக்கத்து அறையிலிருந்து ஊசியும் கையுமாக ஓடி வருவார்.

"இந்தாம்மா, அதை வை. நான் இருக்கேன்ல?"

"குடத்துல பாதிதாங்க தண்ணி இருக்கு."

"பாதியும் தண்ணிதானே?"

ஆறு மாதத்தில் அவளுடைய இடது கை தலைக்கு மேல் போகாத கையாகிவிட்டது. சீப்பைப் பிடித்துத் தலை வார முடியாது. முளைத்ததே நாலு முடி, அதையும் வாரிக்கொள்ள முடியவில்லையே என்று ஒரு நாள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

இந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். சலவை அறைக்குப் பக்கத்து அறை அது. சோப்புத்தூள் வாசனை எப்போதும் இருக்கும். அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட். நாற்பது வயதுக்காரி, கழுத்தில் அளவு டேப்பைத் துண்டு மாதிரி போட்டிருப்பாள். முதல் வேலையாக நூறக்காவின் இரண்டு கையையும் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் அளந்து எழுதினாள். பிறகு இடது கைக்கு இறுக்கமான ஒரு உறையை மாட்டி, ஒரு கிலோ எடையை உள்ளங்கையில் வைத்தாள்.

"தூக்குங்கக்கா."

"வீங்கிடும்னு சொன்னாங்களே."

"திடுதிப்புன்னு மூட்டையைத் தூக்கினா யாருக்கும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா கை தாங்கும். ஒவ்வொரு வாரமும் அளந்து பார்ப்போம். அரை இஞ்ச் கூடினாலும் நிறுத்திடுவேன். அளக்கறேன்ல, அப்புறம் என்ன பயம்?"

அளக்கிற ஆள் என்றதும் நூறக்காவுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. தூக்கினாள். ஒரு கிலோ அன்றைக்கு ஒரு குழந்தையின் கனம் கனத்தது. எட்டு தடவை தூக்குவதற்குள் மேலுதடு வேர்த்துவிட்டது. பத்து சொன்னால் பத்துதானே? மிச்சம் இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். இரண்டாவது மாதத்தில் மூன்று கிலோ ஆனது. நாற்காலியில் எடையோடு உட்கார்ந்து எழுந்தாள், சுவரைத் தள்ளினாள், இழுவைப் பட்டையை இழுத்தாள். கை ஒரு நூலிழைகூடக் கூடவில்லை.

"இதெல்லாம் செஞ்சா எதிர்ப்பு சக்தி கூடுமாமே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கூடும்னு சொல்றாங்க. ஆனா அதை வெறும் நம்பரா எடுத்துக்காதீங்க..."

பிசியோ சொன்னதில் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் நூறக்கா காதில் வாங்கிக்கொண்டாள். மிச்சம் காற்றோடு போனது. எதிர்ப்பு சக்தி என்றால் வெள்ளையணு, வெள்ளையணு என்றால் நம்பர். இருபத்தாறு வருஷம் எண்ணியவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

மாதா மாதம் சோதனை. காலை ஏழரைக்குக் கீழ்த்தளத்தில் பயிற்சி, எட்டே காலுக்கு மூன்று மாடி ஏறி, கூடத்து வாசலில் வலது கையை நீட்டுவாள். முதல் மாதம் நாலாயிரத்து அறுநூறு! இரண்டாவது மாதம் ஐயாயிரத்து நூறு! மெஷின் சார் தாளை விசிறி மாதிரி வீசிக்கொண்டு ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"நூறு, எப்பம்மா வந்து என் பாரத்தை இறக்கப் போறே? எனக்குக் கண்ணுல பூச்சி பறக்குது."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலும் பயிற்சி செய்ய வேண்டும் என்றாள். வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், பிறகு தானே தடித்த துணியில் நாலு பை தைத்து, உள்ளே மணல் நிரப்பி, பிடியும் வைத்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் எடையைத் தைத்துக் கொடுத்தார். அவ்வளவு அழகான எடைப் பை எந்தக் கடையிலும் கிடைக்காது. நாலு கிலோ, ஐந்து கிலோ என்று அவள் சரசரவென்று ஏறினாள். ஆனால் கீழ்த்தளத்தில் நாலு கிலோ இரும்பைத் தூக்கினால் கை நடுங்கியது. வீட்டில் ஐந்து கிலோ பஞ்சாகப் பறந்தது. அவளுக்கு மூக்கில் வேர்த்தது. ஐந்து கிலோப் பையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்த் தராசில் வைத்தாள். மூன்று கிலோ நானூறு கிராம்.

அன்று சாயங்காலம் வீட்டில் கூரை பறந்தது.

"உங்களை நம்பித்தானே தூக்கினேன்? அஞ்சுன்னு தெச்சுட்டு மூணரை கூட வைக்கலியே!"

"நீ பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போறே. எனக்கு பயமா இருந்துச்சும்மா. கை வீங்கினா என்ன பண்றது?"

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. நம்பர்ல பொய் சொல்லாதீங்க. என்கிட்ட நம்பர்ல மட்டும் பொய் சொல்லாதீங்க!"

மனுஷன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தையலைப் பிரித்து, மணலை நிறுத்துப் போட்டு மறுபடியும் தைத்தார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாவது மாதம் வந்தது. இந்த ஒரு சோதனை தாண்டினால் ஸ்டூல். அந்த வாரம் பார்த்துக் கீழ்த்தளத்தில் வெள்ளையடிப்பு, பயிற்சி இல்லை. போகட்டும் என்று பஸ்ஸிலிருந்து இறங்கி, லிஃப்டில் ஏறி, ஜன்னலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ரத்தம் கொடுத்தாள். மெஷின் சார் தாளைக் கொண்டுவரவில்லை. அவரைத் தேடிக் கூடத்து வாசலுக்கு அவளே போனாள். அவர் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ரெண்டு தடவ ஓட்டிட்டேன்மா. மூவாயிரத்து நானூறுதான் காட்டுது."

நூறக்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஐயாயிரத்திலிருந்து மூவாயிரத்து நானூறு. நோய் திரும்ப வந்துவிட்டதா? எலும்புக்குள் போய்விட்டதா? ஜன்னலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் படியேறி, இரைக்க இரைக்க வந்து நின்றார். நூறக்காவின் வாய், மூளையைக் கேட்காமலே, இருபத்தாறு வருஷப் பாடத்தை ஒப்பித்தது.

"படியேறியா வந்தீங்க ஐயா? பத்து நிமிஷம் உட்காருங்க. மூச்சு அடங்கட்டும். இப்ப எடுத்தா கவுண்ட் கூடுதலாக் காட்டும்."

சொல்லிவிட்டு அப்படியே பேனாவைக் கீழே வைத்தாள். பெரியவர் டோக்கனுக்காக நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

எல்லா வெள்ளையணுவும் எந்நேரமும் ஓட்டத்தில் இருப்பதில்லை. பாதிக்கு மேல் ரத்தக் குழாயின் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். மூச்சு வாங்க வேலை செய்தால் அவையெல்லாம் கிளம்பி ஓட்டத்துக்கு வந்துவிடும். தெருவில் சத்தம் கேட்டால் வீட்டிலிருப்பவர்கள் எல்லாரும் வாசலுக்கு வருவது போலத்தான். அந்த நேரத்தில் தலையெண்ணினால் தெருவில் ஜனம் பெருகிவிட்டது என்றுதான் தோன்றும். சற்று நேரத்தில் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். இது நூறக்காவுக்குத் தெரியாததா? ஆயிரம் பேரை உட்காரச் சொன்னவள், தன் ரத்தத்தை மட்டும் எடையைக் கீழே வைத்த கையோடு, மூன்று மாடி ஏறிய மூச்சோடு நீட்டியிருக்கிறாள். நாலாயிரத்து அறுநூறும் ஐயாயிரத்து நூறும் வாசலுக்கு வந்த கூட்டம். உண்மையான நம்பர் இதுதான்.

நோய் திரும்பவில்லை என்பதில் ஒரு நிமிஷம் உடம்பு லேசானது. அடுத்த நிமிஷம் இன்னொன்று உறைத்தது. இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. 'ரத்தம் சரியா எடுக்கலை, நாளைக்கு மறுபடி' என்று சொன்னால் போதும். நாளைக் காலை பையைப் பத்துத் தடவை தூக்கி, படியேறி வந்தால் மெஷின் ஐயாயிரம் என்று சொல்லும். மெஷினும் பொய் சொன்னதாகாது. திங்கள்கிழமை ஸ்டூலில் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தைத்துக்கொண்டிருந்த மெத்தையை விட்டு நிமிரவில்லை. "நாளைக்குத் தூக்கிட்டுப் போயேன்" என்று மட்டும் மெல்லச் சொன்னார். பிறகு அவரே அந்தச் சிவப்பு நூல் எழுத்துப் பையை ஒரு பார்வை பார்த்தார். அவளும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் டாக்டர் முன்னால் நின்று, "அந்த ரெண்டு நம்பரும் தப்பு. நான்தான் தப்பா குடுத்தேன். அடிச்சிடுங்க" என்றாள். டாக்டர் பேனாவை எடுத்து இரண்டையும் அடித்தார். மூன்று மாதக் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது. எத்தனை பேருக்கு அந்த மனசு வரும் என்று அந்தக் கட்டிடத்தில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். 'பிழைக்கத் தெரியாதவள்' என்று சொன்னவர்களும் இல்லாமல் இல்லை.

கீழ்த்தளத்துக்குப் போய், "அப்ப இந்த இரும்பைத் தூக்கி என்னதான் பிரயோஜனம்?" என்று பிசியோமேல் பாய்ந்தாள்.

பிசியோ டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே சொன்னாள். "அன்னைக்கே சொன்னேன், நீங்க கேட்கலை. இத்தனை கிலோ தூக்கினா இத்தனை அணுன்னு யாராலயும் எழுதித் தர முடியாதுக்கா. காவல்காரங்க எத்தனை பேருங்கறது ஒண்ணு. எழுந்து ஒரு சுத்து ரோந்து போறாங்களாங்கறது வேற. நீங்க தூக்கறப்ப அவங்க கிளம்பி வந்தாங்கல்ல? அதுவும் நல்லதுக்குத்தான்னு படிச்சவங்க சொல்றாங்க. சரி, அதை விடுங்க. இன்னைக்குக் காலையில தலை வாரினது யாரு?"

நூறக்காவின் இடது கை தானாகப் போய்ப் பின்னந்தலையைத் தொட்டது. நாலு கிலோவை எடுத்துப் பத்துத் தடவை தூக்கினாள்.

அதற்கப்புறம் அவள் ஒரு நாளும் பயிற்சியை விடவில்லை. சோதனை நாளில் மட்டும் ரத்தம் கொடுத்த பிறகுதான் எடையைத் தொடுவாள். மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் பத்து நிமிஷத்துக்கு அரைமணியாகவே உட்கார்ந்திருப்பாள். மூவாயிரத்து அறுநூறு. மூவாயிரத்துத் தொள்ளாயிரம். நாலாயிரத்து நூறு. நாலாயிரத்து முன்னூறு. எடைகள் கூடியதாலா, மருந்தின் விஷம் வடிந்ததாலா, காலம் போனதாலா என்று டாக்டரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று.

அந்த ஒன்று வந்த காலையில் மெஷின் சந்தேகப்பட்டது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகி, அவற்றையும் வெள்ளையணுவோடு சேர்த்து எண்ணிவிட்டோமோ என்று சிவப்பு எழுத்தில் கேட்டது. கையால் எண்ண வேண்டும். தன் ரத்தத்தைத் தானே எண்ணக் கூடாது என்பது கூடத்தின் சட்டம். மெஷின் சார்தான் எண்ணியாக வேண்டும்.

அதற்கென்று கட்டம் போட்ட கண்ணாடி ஒன்று உண்டு. இரண்டு பக்கம் ரத்தம் ஏற்றி, இரண்டையும் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். எண்பது அணு என்றால் நாலாயிரம். நூறக்கா முகக்கவசத்தோடு உள்ளே வந்து, மைக்ராஸ்கோப்புக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளால் பார்க்காமல் இருக்க முடிந்தது, கேட்காமல் இருக்க முடியவில்லை. டக். டக். டக். மெஷின் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டக். அவள் உதடு அசையாமல் கூடவே எண்ணினாள். எழுபத்தாறு. எழுபத்தேழு. எழுபத்தெட்டு.

சத்தம் நின்றது.

நின்றது நின்றதுதான். பக்கத்தில் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம்கூட ஓடி ஓய்ந்துவிட்டது போலிருந்தது.

"நூறு," என்றார் மெஷின் சார் ரொம்ப மெதுவாக. "என் கண்ணுக்குத்தான் ஓரத்துல ரெண்டு தெரியாம இருக்கும். ரெண்டே ரெண்டு தட்டிடட்டுமா?"

விரல் கருவியின்மேல் இருப்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு நல்ல மனுஷன்!

"தெரிஞ்சதா சார்?"

"தெரியலைம்மா."

"அப்ப தட்டாதீங்க. அடுத்த பக்கம் போங்க."

அடுத்த பக்கம். டக், டக். இப்போது அவள் எண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நீண்டுகொண்டே போனது. ஸ்டூல் கிறீச்சிட்டபோதுதான் திரும்பினாள். மெஷின் சார் எழுந்து நின்று தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு, எண்பத்தாறு. சராசரி எண்பத்திரண்டு. நாலாயிரத்து நூறு.

"ஒழுங்கா எண்ணினேனாம்மா?" என்றார்.

நூறக்கா தலையை ஆட்டினாள். டாக்டருக்குத் தாள் போய், கையெழுத்தாகித் திரும்ப வருவதற்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. அந்தப் பதினைந்து நிமிஷமும் நின்றுகொண்டே இருந்தாள். தாள் வந்ததும் மேஜையைப் பார்த்தாள். மெஷின் சார் தன் கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை என்று மைக்ராஸ்கோப்பை வெயில் விழும் வெளி ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்திருந்தார். அவளுக்கு அந்த வெயில் ஆகாது. ஒரு கையால் மைக்ராஸ்கோப்பின் கழுத்தைப் பிடித்தாள், உறை மாட்டிய இடது கையை அடியில் கொடுத்தாள், தூக்கினாள்.

"ஐயோ, அந்தக் கையாலயா! குடு, நான் தூக்கறேன்!" மெஷின் சார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"தள்ளுங்க சார்," என்றாள் நூறக்கா. "ஏழு கிலோதான்."

கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பழைய இடத்தில் இறக்கி, விளக்கைப் போட்டு, காலையிலிருந்து காத்துக்கிடந்த பதினொரு தகடுகளில் முதலாவதை எடுத்து வைத்தாள்.